முதலில் சூடு, பிறகுதான் தீனி

மார்கழி மாதம், இரவு ஏழரை மணி இருக்கும். வியாசர்பாடியில் நான் உதவியாளராக இருக்கும் கால்நடை கிளினிக்கில் கடைசி நாய்க்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி வாசலிலேயே தயங்கி நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்.

"அக்கா, இத்த கொஞ்சம் பாக்கறீங்களா? காலைலேந்து எந்திரிக்கவே மாட்டேங்குது."

உள்ளே பச்சைச் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சு. தலை தொங்கியிருந்தது. பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்து கல்லாகியிருந்தது. நல்ல குஞ்சை உள்ளங்கையில் வைத்தால் சூடு சட்டென்று தெரியும். இது சில்லிட்டிருந்தது.

எங்களிடம் நாய், பூனை, ஆடு வரும். பந்தயப் புறாவைத் தோளில் வைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. தெருவில் கூடையில் வைத்து விற்கும் கலர் குஞ்சை மட்டும் யாரும் கொண்டுவருவதில்லை. செத்தால் குப்பைத்தொட்டி, அடுத்த முறை கூடைக்காரர் வரும்போது இன்னொன்று. அப்படியொரு குஞ்சை அதற்கு முந்தைய வருடம் நானே தெருவிலிருந்து எடுத்து வந்திருந்தேன். பசியில் துவண்டிருக்கிறது என்று நினைத்து, இங்க் ஃபில்லரில் பாலை நிரப்பி வாய்க்குள் விட்டேன். இரண்டு முறை தலையை உதறியது, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது, என் கையிலேயே போய்விட்டது. கோழிக்கு நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது, ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்தக் குஞ்சைக் கொன்றது நோய் இல்லை, என் அவசரம். அதை நான் மறக்கவே இல்லை.

அதனால் அன்றைக்கு அந்தச் சிறுமியை உட்கார வைத்தேன்.

இந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்பதே இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சால் பண்ணைக்கு லாபம் இல்லை. முட்டை இடாது, கறிக்கோழி போல மளமளவென்று சதையும் வைக்காது. பொரித்த அன்றே பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கியவற்றில் ஒரு பங்குதான் சாயத்தில் நனைந்து தெருவுக்கு வருகிறது. 21 நாள் முட்டைக்குள் இருந்து வெளியே வரும் குஞ்சின் வயிற்றில் மிச்ச மஞ்சள் கரு இருக்கும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு அதுதான் கட்டுச்சோறு. அந்தக் கட்டுச்சோறு தீர்கிற நேரத்தில்தான் குஞ்சு குழந்தைகள் கைக்கு வந்து சேர்கிறது. குழந்தை ராசியில்லாதவள் என்று வீட்டில் திட்டுகிறார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்?

டாக்டர் எடை போட்டார். 29 கிராம். "முதல்ல சூடு. சூடு ஏறாம ஒரு சொட்டுத் தண்ணிகூட வேணாம்" என்றார். உடம்பு குளிர்ந்திருக்கும் குஞ்சுக்குச் செரிமானமே நடக்காது. முதல் வாரக் குஞ்சுக்குச் சுற்றிலும் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். சென்னையில் என்ன குளிர் என்று நாம் கேட்போம். மார்கழி ராத்திரியில் இங்கே 21, 22 வரை இறங்கும். தாய்க்கோழியின் இறக்கைக்கடியில் இருக்க வேண்டியதற்கு அது கொல்லும் குளிர்.

அன்றைக்குப் பெரிய பாடாகப் போனது குண்டு பல்பு தேடுவதுதான். கிளினிக் முழுக்க எல்.ஈ.டி., அதில் வெளிச்சம் வரும், சூடு வராது. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் நாலு எலெக்ட்ரிக்கல் கடை ஏறி இறங்கினேன். ஐந்தாவது கடைப் பெரியவர் பரணிலிருந்து 60 வாட்ஸ் பல்பு ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் அதைத் தொங்கவிட்டோம். சூடு அதிகமானால் குஞ்சு தள்ளிப்போக மறுபக்கம் இடம் வேண்டும். அடியில் நியூஸ் பேப்பர் போடப் போனேன், டாக்டர் தடுத்தார். வழுக்கும் தரையில் குஞ்சின் கால் இரண்டு பக்கமும் அகண்டுபோகும். பழைய துண்டை விரித்தோம்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளுக்கோஸ் கலந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அலகின் ஓரத்தில் வைத்தேன். விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. பஞ்சை வெந்நீரில் நனைத்து, ஒட்டியிருந்த எச்சத்தை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். பிய்த்து இழுத்தால் தோலோடு வந்துவிடும்.

ராத்திரி பெட்டியோடு கொடுங்கையூரில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்துப் போனேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி அம்மாவின் பழைய புடவையில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். குஞ்சு அதில் சாய்ந்து தூங்கியது, நான் தூங்கவில்லை. விடிகாலையில் கீச்சென்று ஒரு கத்தல், தனியாக இருக்கிற குஞ்சு கூட்டத்தைத் தேடிக் கத்துவது. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பெட்டிக்குள் சாய்த்து வைத்தேன். அதன் பக்கத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் தீனியைத் தொடவே இல்லை. தாய்க்கோழி அலகால் தட்டிக் காட்டித்தான் குஞ்சுக்குக் கொத்தப் பழக்கும். அவித்த மஞ்சள் கருவை நொய்யோடு பிசைந்து வைத்து, நகத்தால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமி என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தட்டினாள். அவள் விரலுக்குப் பக்கத்தில்தான் முதல் கொத்து விழுந்தது. அவள் கத்திய கத்தலில் வெயிட்டிங் ஹாலில் இருந்த நாயெல்லாம் குரைத்தது. (தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவணும், முத்தம் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் அவளிடம் தினமும் சொன்னேன். குஞ்சின் எச்சத்தில் வயிற்றுப்போக்கு வரவைக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.)

பன்னிரண்டாம் நாள் 58 கிராம். இறக்கை ஓரத்தில் பச்சைக்கு நடுவே வெள்ளையாக முளைத்தது. நன்றாகத் தேறிய பிறகு போடலாம் என்று டாக்டர் தள்ளி வைத்திருந்த ராணிக்கெட் தடுப்பு மருந்துக்கு நாள் குறித்தோம். ராணிக்கெட் என்பது கோழி நோய், எங்கள் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். வந்துவிட்டால் மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பதுதான் வழி. கண்ணில் ஒரு சொட்டு போதும். ஆனால் எங்களுக்குக் கிடைத்த சின்ன குப்பியிலேயே 100 கோழிக்கு மருந்து இருந்தது. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குஞ்சுக்காக 99 சொட்டைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. சொந்தமாகக் கோழி வைத்திருப்பவர்கள் இதனாலேயே போடாமல் விடுகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

சிறுமியின் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியிலும் தண்ணீர் டேங்க் ஓரத்திலும் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கோழிகளைத் திறந்துவிடும் முன்னே, ஐஸ் பெட்டியோடு டாக்டரும் நானும் போனோம். அவள் முதல் நாளே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு அம்மா சேவலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். "போன வருசம் கழுத்து திருகித் திருகியே ஏழு செத்துச்சும்மா. இது தெரியாம போச்சே" என்றார்.

63 கோழிக்குப் போட்டோம். கடைசியாகப் பச்சைக் குஞ்சு. சிறுமி அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் சொட்டை விட்டேன். கண்ணைச் சிமிட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. கையில் நல்ல சூடு.