பாண்டிருப்புத் தீக்குழியின் கரையில்

இலங்கையின் கிழக்கில், கல்முனைக்குச் சற்று வடக்கே, கடலோரமாக இருக்கிறது பாண்டிருப்பு. அங்குள்ள திரௌபதை அம்மன் கோவில் திருவிழா 18 நாள் நடக்கும். பாரதப் போரின் கணக்கு அது. வனவாசம், அருச்சுனன் தவநிலை என்று கதையை ஊரே சேர்ந்து நடித்து, கடைசி நாளில் தீமிதிப்போடு நிறைவு செய்வார்கள். எங்கள் பக்கத்தில் அதைத் தீப்பள்ளயம் என்போம். தாதன் என்னும் வைணவ அடியார் முன்னொரு காலத்தில் இந்த வழிபாட்டைக் கொண்டுவந்தார் என்பது பரம்பரைச் செய்தி. துருபதன் வளர்த்த வேள்வித் தீயில் பிறந்தவள் திரௌபதை. அவளுடைய தீயில் இறங்குவது தாய்மடியில் இறங்குவது போன்றதுதான் என்று அம்மா சொல்வார்.

இந்த முறை அந்தத் தீயில் இறங்கியவன் என் தம்பி.

அவனுடைய மகளுக்குப் போன மாரியில் டெங்கு வந்தது. காய்ச்சல் இறங்கியதும் நாங்கள் எல்லோரும் ஆறுதலடைந்தோம். வைத்தியரோ, "இனித்தான் கவனமாக இருக்க வேண்டும்" என்றார். டெங்கில் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். வைரசைக் கொல்ல மருந்து கிடையாது. உள்ளே எவ்வளவு போகிறது, சிறுநீராக எவ்வளவு வருகிறது, குருதி எவ்வளவு தடித்திருக்கிறது என்று விடாமல் பார்த்து, கூடவும் குறையவும் விடாமல் சேலைன் ஏற்றுவதுதான் வைத்தியம். அன்றிரவு பணியில் இருந்த தாதி கட்டில் கட்டிலாகப் போய் அளவெடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்த தம்பி, "பிள்ளை எழும்பிவிட்டால் உன் தீயில் இறங்குகிறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டான்.

பிள்ளை எழும்பிவிட்டாள்.

நான் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறவள். பிள்ளையைக் காப்பாற்றியது எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: சேலைனும் அந்தத் தாதி எழுதிய அளவுகளும். ஆனால் அந்த இரவில் தம்பியைச் சிதறாமல் வைத்திருந்தது அவனுடைய நேர்த்தி. அவன் அதை ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துதான் வைத்தான். மூன்றாம் நாள் காய்ச்சலில் பிள்ளையை நூல் கட்டத் தூக்கிக்கொண்டு போய், நான்காம் நாள் குளிர்ந்த கைகால்களோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவர்களை நான் அறிவேன். அவர்களும் நம்பிக்கையில்தான் போனார்கள். அந்த நம்பிக்கை பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு நாளைத் தின்றுவிட்டது. என் தம்பியின் நம்பிக்கை எதையும் தின்னவில்லை. இதனால்தான் அவனோடு பாண்டிருப்புக்குப் போக எனக்கு மனம் முழுவதும் சம்மதம்.

மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் போனோம். அம்மா, மச்சாள், பிள்ளை, என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி. தம்பி காப்புக் கட்டி ஏற்கெனவே கோவிலில் தங்கியிருந்தான். கல்லடிப் பாலம், காத்தான்குடியின் பேரீச்ச மரங்கள், களுவாஞ்சிகுடி, கல்லாறு, நெசவுக்குப் பேர்போன மருதமுனை. இந்தக் கரையோரம் முழுவதும் 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்த இடம். அந்த வழியில் போகும்போது அம்மா இப்போதும் கடற்பக்கம் பார்ப்பதில்லை.

கல்லாறு தாண்டியதும் மாணவி கேட்டாள்: "ரீச்சர், வகுப்பில் வெப்பக் கடத்தல் படிப்பிக்கிறீர்கள். இங்கே வந்து கும்பிடுகிறீர்கள். இரண்டும் எப்படிச் சரியாக வரும்?"

"காரைதீவு எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். கல்முனைக்கு அப்பால், சாய்ந்தமருதையும் தாண்டினால் காரைதீவு. 1892 இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் அவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்துவிட்டு, 1924 இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். காவி கட்டிய பிறகும் அளவையும் கணக்கையும் விடவில்லை. மறைந்துபோன பழந்தமிழர் யாழை ஒலியியல் கணக்கைக் கொண்டுதான் மீட்டெடுத்தார். இதையெல்லாம் சொன்னேன். "அவர் பெரிய மனிதர். நான் உங்களைக் கேட்கிறேன்" என்றாள். நல்ல பிள்ளை. அவளுக்குப் பதில் சொல்லத் தீக்குழிதான் தோதான இடம் என்று தோன்றியது.

கோவில் வெளி நிரம்பியிருந்தது. உடுக்கும் பறையும் ஒரு பக்கம், பெண்களின் குரவை இன்னொரு பக்கம். மஞ்சள் தோய்ந்த உடையும் வேப்பிலையுமாக நேர்த்திக்காரர்கள். முகங்களில் பட்டினியும் தெளிவும் ஒன்றாகத் தெரிந்தன. நாங்கள் குழியின் பக்கவாட்டில் இடம் பிடித்துக்கொண்டோம்.

குழியைப் பராமரித்த பெரியவரை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மெலிந்த உடம்பு, தலையில் ஈரத் துண்டு. நீண்ட பச்சைக் கம்பு ஒன்றால் தணலைத் தட்டித் தட்டிப் பரப்பினார். மேடு தெரிந்த இடத்தை அமர்த்தினார். சுவாலை விட்டெரிந்த ஒரு கட்டையை நெம்பி வெளியே தள்ளினார். புகைந்துகொண்டிருந்த இன்னொன்றையும் அப்படியே. பிறகு குனிந்து, கம்பு நுனியால் எதையோ கிளறி ஓரமாக இழுத்தார். பழைய மரத்தில் இருந்த ஆணி. செக்கச் சிவந்திருந்தது. அதை மண்ணுக்குள் மிதித்துப் புதைத்துவிட்டு மறுபடியும் தேடினார்.

"ஆணியை ஏன் எடுக்கிறார்?" என்று மாணவியைக் கேட்டேன். அவள் கண்கள் விரிந்தன. "இரும்பு கடத்தும்" என்றாள்.

அதேதான். திடப்பொருள் எதுவும் ஏறக்குறைய 525 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் இருட்டில் சிவப்பாகத் தெரியத் தொடங்கும். எனவே கண்முன் சிவந்து கிடந்த தணல் அதற்கும் மேற்பட்ட சூட்டில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் சூடு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்தச் சூடு எவ்வளவு விரைவாகக் காலுக்குள் இறங்கும் என்பது வேறு கேள்வி. ஒரே சட்டியில் கொதிக்கும் குழம்பில் சிரட்டை அகப்பையையும் வெள்ளிரும்புக் கரண்டியையும் விட்டு வைத்தால் எதைப் பிடிக்கலாம் என்று எந்தச் சமையல்காரிக்கும் தெரியும். மரக்கரி செம்பைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக வெப்பத்தைக் கடத்துகிறது. மேலே படிந்த சாம்பல் இன்னும் மெதுவாக்குகிறது. பாதம் ஓர் அடிக்குத் தொடுவது அரை விநாடி அளவில்தான். அதற்குள் தோலைச் சுடும் அளவுக்கு வெப்பம் வந்து சேர்வதில்லை. நின்றால் சுடும். பயந்து ஓடினாலும் சுடும். விரல்கள் தணலுக்குள் புதைந்து, கங்கு இடையில் சிக்கிக்கொள்ளும். ஆணியை மிதித்தால் கேட்கவே வேண்டாம்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1935 இல் இங்கிலாந்தின் கார்ஷல்டனில் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர், காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ் என்பவரைத் தீயில் நடக்கச் செய்து, விஞ்ஞானிகளையும் வைத்தியர்களையும் கூட்டி வைத்துச் சோதித்தார். தணலின் மேற்பரப்பு 430 பாகை. காலில் எந்தப் பூச்சும் இல்லை, ஏமாற்றும் இல்லை. குறைந்த கடத்தலும் குறுகிய தொடுகையும்தான் விளக்கம் என்று முடிவு செய்தார்கள். 1937 இல் நடந்த அடுத்த சோதனையில், விரதமோ நேர்த்தியோ இல்லாத ஆங்கிலேயர் ஒருவரும் தீயைக் கடந்தார்.

பக்கத்தில் நின்ற அம்மாவின் வயதுடைய பெண்மணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் அம்மாளின் புதுமை இல்லை என்கிறாயா மகள்?" என்றார். குரலில் கோபம் இல்லை, நோவு இருந்தது. "அந்தப் பெரியவர் ஆணி தேடுவதால் அம்மாளின் புதுமை குறைகிறதா அம்மா?" என்றேன். அவர் யோசித்தார். "அவர் அம்மாளுக்குச் செய்யும் தொண்டு அது" என்றார். என் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கணக்கு ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்பதை மாணவிக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்ல வேண்டும்.

என் மாமா ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் தீ மிதித்தார். கால் கொப்பளித்துவிட்டது. ஊர் என்ன சொல்லும் என்று எல்லோருக்கும் தெரியும். விரதத்தில் பிழை. துடக்கு வீட்டில் கை நனைத்திருப்பான். மனதில் அழுக்கு இருந்திருக்கும். மாமா அளவுக்கு நோன்பு காத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு அஞ்சி, சாரத்தை இழுத்துக் காலை மூடிக்கொண்டு நடமாடினார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. சீனி வருத்தம் முற்றினால் பாத நரம்புகள் மரத்துப்போகும். சூடு உடனே தெரியாது, புண்ணின் நோவும் தெரியாது, புண் ஆறவும் செய்யாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. இறக்கும்வரை அவர் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "நான் என்ன பிழை விட்டேன் பிள்ளை?"

எந்தப் பிழையும் விடவில்லை மாமா. கால் விரலிடுக்கில் ஒரு கங்கு. அவ்வளவுதான்.

தீயில் கால் சுடாததற்குப் பக்திதான் காரணம் என்று அடித்துச் சொல்லும்போது, சுட்டவனுக்குப் பக்தி இல்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை எந்த அம்மாளும் எழுதச் சொல்லவில்லை. பௌதிகவியல் அதைக் கிழித்துப் போடுகிறது. எனக்கு அது அம்மாளின் கருணைக்குப் பக்கத்தில் நிற்கும் அறிவாகத் தெரிகிறது. தீமிதிப்பு நடக்கும் கோவில்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கூட்டத்தில் தவறிய பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோம். அதே ஒலிபெருக்கியில், சீனி வருத்தம் உள்ளவர்கள் தீயில் இறங்காமல் வேறு விதமாக நேர்த்தியை நிறைவேற்றலாம் என்றும், கால் சுட்டவர்கள் வெட்கப்படாமல் உடனே சொல்லலாம் என்றும் அறிவித்தால் எத்தனையோ பாதங்கள் தப்பும்.

தம்பியின் முறை வந்தது. குரவை உயர்ந்தது. மெலிந்து, தாடி வளர்ந்து, என்னைக் கடந்து எங்கோ பார்க்கும் கண்களோடு வந்தான். வெப்பக் கடத்தல் எல்லாம் எனக்குத் தெரியும்; ஆனாலும் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. அம்மாவின் நகங்கள் என் முழங்கையில் புதைந்தன. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில், ஜூன் மாத இரவொன்றில் முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு தணலில் நடப்பார்கள். அங்கே இதயத் துடிப்பை அளந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வு, தீயில் நடப்பவரின் துடிப்போடு கரையில் நிற்கும் உறவினரின் துடிப்பும் ஒத்து ஏறி இறங்கியதைக் காட்டியது. உறவில்லாத பார்வையாளர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. என் மார்பில் கருவி எதுவும் கட்டியிருக்கவில்லை. எனவே என் துடிப்பைப் பற்றி எதையும் நிறுவ முடியாது. ஆனால் தம்பி குழியின் நடுவே போனபோது நான் கும்பிட்டேன். மனமாரக் கும்பிட்டேன். பிள்ளையைத் தந்த தாயே, இவனையும் கரையேற்று என்று.

கரையேறினான். மகளைத் தூக்கி ஒரு முத்தம். அதற்குப் பிறகுதான் இந்த உலகத்துக்கு வந்தான்.

சனம் கலைந்த பிறகு கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அவன் பாதங்களைப் பார்த்தேன். இடது காலில் இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் இடையில் கடுகளவு கரி ஒட்டியிருந்தது. பக்கத்தில் சின்னக் கொப்புளம். குழாயடிக்குக் கூட்டிப்போய், 20 நிமிடமாவது தண்ணீரை ஓட விட்டேன். மச்சாள் மஞ்சள் அப்பலாமா என்றாள். எதுவும் அப்ப வேண்டாம், தண்ணீர் போதும், கொப்புளத்தை உடைக்காமல் துப்புரவான துணி கட்டலாம் என்றேன். அம்மா குனிந்து அந்தக் கொப்புளத்தையே பார்த்தார். அவர் வாயில் என்ன சொல் வரப்போகிறது என்று எனக்குப் பயம். மாமா அவருடைய சொந்தத் தம்பி.

பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, "தம்பி ஏன் நொண்டுகிறார்?" என்று கேட்டார். தம்பி காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அம்மாதான் பதில் சொன்னார், பஸ் முழுவதற்கும் கேட்கும்படி: "தணல் ஒன்று விரலுக்குள் சிக்கிவிட்டது. கொப்புளம் போட்டிருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் காட்டுவோம். நேர்த்தி நல்லபடியாக முடிந்தது."