அந்த மூடியைத் திறக்காதீங்க

மாதவரம் ரவுண்டானா தாண்டி, மதிய வெயிலில் பானெட்டைத் தூக்கி நிற்கிறது ஒரு கார். பின் சீட்டில் பிள்ளைகள். அப்பா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போகிறார்.

வேண்டாம் சார், தயவுசெய்து வேண்டாம்.

உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி தளர்ந்ததும் குபீரென்று முகத்தில் அடிக்கும். துண்டெல்லாம் தாங்காது.

சூட்டு முள் ஏறும்போதே ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். பிறகு கூலன்டுக்கான ரிசர்வ் டேங்கில் மேல்கோடு வரை மட்டும் கூலன்ட் ஊற்றுங்கள். அடியில் கூலன்ட் சொட்டினால் அது ஓடும் ஹோஸ் போயிருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அதுவரை பிள்ளைகளை இறக்கி நிழலில் உட்கார வையுங்கள். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் போகிற வழியென்றால், கோடையில் நுங்கு சீசன். விரல் வைத்தால் அமுங்குகிற இளசாகக் கேட்டு வாங்குங்கள், முற்றியது வயிற்றை வலிக்கும்.