பிலிப்பைன்ஸ் சீப்புன்னு சொன்னவங்க யாரும் படகு டிக்கெட் எடுத்திருக்க மாட்டாங்க

நேத்து ராத்திரிதான் வந்து சேந்தோம். பையைக்கூட இன்னும் பிரிக்கல, துணியெல்லாம் உப்புத் தண்ணி வாடையோட அப்படியே கெடக்கு, ஆனா கோவம் ஆறிடுச்சுன்னா நான் எழுத மாட்டேன், அதனால மொதல்ல இது.

நாங்க போறோம்னு சொன்னதும் ஆபீஸ்ல அத்தன பேரும் "செம சீப்பு டி"ன்னாங்க. ரூம் சீப்புதான், சாப்பாடும் சீப்புதான். ஆனா அந்த நாட்டுல மொத்தம் 7,641 தீவு இருக்கு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு நகரணும்னா ஒவ்வொரு தடவையும் அஞ்சாறு பேருக்குக் காசு குடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லல.

விசா பத்தி கேப்பீங்க. 2025 ஜூன்லேர்ந்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு 14 நாள் விசா இல்லாமலே விடுறாங்க, ஆனா அதை நீட்டிக்க முடியாது. ரிட்டன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டும் கையில இருக்கணும், இ-டிராவல்னு ஆன்லைன்ல ஒண்ணு ஃபில் பண்ணி கியூஆர் கோடு வச்சுக்கணும். அது ஃப்ரீ, காசு கேக்குற சைட்டுனா உடனே மூடிடுங்க. ஒரு பெசோ நம்மூர்ல சுமாரா ஒன்றரை ரூபா. ஏடிஎம்ல ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் 250 பெசோ சார்ஜ், நம்ம பேங்க் போடுறது தனி. எடுத்தா மொத்தமா எடுங்க.

நாங்க போன ரூட்டு: செபு, அதே தீவுல இருக்குற மொவால்போவால், பக்கத்து தீவுல டுமகேட்டே ஊரு, அப்புறம் சிக்கிஹோர் தீவு, போஹோல் தீவு, திரும்ப செபு. பலவான் தீவுப் பக்கம் போகல, அதுக்கு இன்னொரு ஃப்ளைட் வேணும், பட்ஜெட் இல்ல.

செபுவுலேர்ந்து மொவால்போவால் 90 கிலோமீட்டர்கூட முழுசா இருக்காது. ஆனா மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஏசி பஸ்ஸு கெளம்பிப் போயிடுச்சு, அடுத்தது எப்பன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க, அதனால ஏசி இல்லாததுல ஏறிட்டோம். ஒரு பக்கம் மூணு பேர் சீட்டு, இன்னொரு பக்கம் ரெண்டு, முட்டி முன் சீட்டுல இடிக்குது, பேக்பேக்கை மடியில வச்சா மூஞ்சி தெரியாது. பக்கத்து சீட்டு தாத்தா மடியில ஒரு அட்டப்பெட்டி, ஓட்டை போட்டிருந்துச்சு, கார்கார் ஊர் வந்தப்போ உள்ளேர்ந்து சேவல் கூவுது! சண்டைச் சேவலாம், ரொம்பப் பெருமையா தொறந்து காமிச்சாரு. அதே ஊர்ல பொரிச்ச பன்னித்தோல் பாக்கெட்டைத் தூக்கிட்டு பத்துப் பேர் பஸ்ஸுக்குள்ள ஏறிட்டாங்க. கூட வந்தவ சுத்த சைவம். ஜன்னல் பக்கம் திரும்பினவ திரும்பினவதான்.

ஆனா மொவால்போவால்! அங்க பனக்சாமா பீச்சுல கரையிலேர்ந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே தரை டபக்குனு முடிஞ்சு கடல் கரு நீலமாயிடும், அந்த எடத்துலயே லட்சக்கணக்குல மத்தி மீன் கூட்டமா சுத்திட்டே இருக்கும். படகே வேணாம். நீச்சல் மாஸ்க், மூச்சு விடுற குழாய் வாடகை, கட்டணம்னு சில நூறு பெசோதான் ஆச்சு. தலைய உள்ள விட்டதும் எனக்குக் கீழ ஒரு வெள்ளி செவுரு மாதிரி நிக்குது, கைய நீட்டினா சரக்குன்னு அத்தனையும் ஒண்ணா விலகி வழி விடுது, கைய எடுத்தா திரும்ப மூடிக்குது. கொஞ்ச நேரத்துல ஒரு ஆமை எங்களக் கண்டுக்காம மூச்சு விட மேல வந்துட்டுப் போச்சு. இவ தண்ணிக்குள்ளயே ஏதோ கத்துறா, குழாய்ல கொர்கொர்னு சத்தம் மட்டும் வருது.

இன்னும் தெக்கால ஓஸ்லோப்ல திமிங்கலச் சுறா காட்டுறாங்க. தீனி போட்டுப் போட்டு ஒரே எடத்துல நிறுத்தி வச்சிருக்காங்க. நாங்க போகல. நீங்களும் போகாதீங்க.

சாப்பாட்டுக்கு வரேன். சைவம் சாப்பிடுறவங்களுக்கு இந்த ஊரு தண்டனை. காய்கறின்னு ஆர்டர் பண்ணா எறால் விழுது போட்டு வரும், "நோ மீட்"னு சொன்னா கோழி வரும். மூணு வேளையும் வாழப்பழமும் பிஸ்கட்டுமா ஓட்டுனவளுக்கு விடிவுகாலம் டுமகேட்டேல ஒரு ரோட்டோரக் கடையில வந்துச்சு. அங்கெல்லாம் சாப்பாட்டுக் கடையில மெனு கெடையாது, வரிசையா பாத்திரம் இருக்கும், நம்மளே மூடியத் தொறந்து பாத்து இது வேணும் அது வேணும்னு காட்டணும். நாலாவது மூடியத் தொறந்தா பச்சப்பயறு, அதுல முருங்கைக்கீரை! இவ கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. மேல பன்னித்தோல் தூவியிருந்துச்சு, சைகையில சொன்னோம், கடைக்கார அக்கா ஒண்ணும் சொல்லாம தூவாத சட்டிலேர்ந்து தனியா ஊத்திக் குடுத்தாங்க. நான் சுட்ட கணவாய், கலமன்சி எலுமிச்சைய சோயா சாஸ்ல பிழிஞ்சு காந்தாரி மொளகா நசுக்கித் தொட்டுக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் சேத்து 200 பெசோ தாண்டல. செபு பக்கம் சோறையே தென்னங்குருத்து ஓலையில பொட்டலமா பின்னி வேக வச்சுத் தொங்கவிட்டிருப்பாங்க, பூசோன்னு பேரு, நடுவுல வெட்டிக் கையால சாப்பிடலாம், அதையும் விடாதீங்க.

இப்போ கோவத்துக்கு வரேன். துறைமுகம். டிக்கெட் ஒரு கவுன்ட்டர்ல. டெர்மினல் கட்டணம் இன்னொரு கவுன்ட்டர்ல. பை பெருசா இருந்தா அதுக்குத் தனி சீட்டு. சிக்கிஹோர்லேர்ந்து போஹோலுக்கு ஃபாஸ்ட் படகு ஆளுக்கு 800 பெசோவுக்கு மேல, அந்தக் காசுக்கு ரெண்டு பேரும் ரெண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம். உள்ள ஏசி எப்படின்னா, நான் துண்டு, ரெயின்கோட்டு எல்லாத்தையும் போத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்.

சிக்கிஹோர்ல எறங்கினதும் ஒரு டிரைசைக்கிள் (பைக்கோட பக்கவாட்டுல சீட்டு வச்ச வண்டி, அங்க அதுதான் ஆட்டோ) அண்ணன், பைய வாங்கிட்டே சிரிக்கிறாரு, "500". ரூம் மூணு கிலோமீட்டர்கூட இல்ல. இவ ஆரம்பிச்சா பாருங்க, "அண்ணா நாங்களும் ஆட்டோ ஊர்லேர்ந்துதான் வரோம்"னு தமிழ்லயே! அவருக்கு ஒரு வார்த்தை புரியல, ஆனா 300 ஆச்சு. அப்பவும் விடாம நடந்தோம், கேட்டுக்கு வெளிய வந்ததும் இன்னொருத்தர் 100க்கு ஏத்திக்கிட்டாரு. எல்லாத் துறைமுகத்துலயும் கேட்டைத் தாண்டி வந்து வண்டி பிடிங்க, இது ஒண்ணே போதும் பாதி பட்ஜெட் மிஞ்சும்.

மத்தபடி சிக்கிஹோர் தங்கம். சூனியக்காரங்க தீவுன்னு பிலிப்பைன்ஸ்காரங்களே பயமுறுத்துவாங்க, நாங்க பாத்தது நல்ல ரோடும் தென்னமரமும்தான். ஸ்கூட்டர் நாளைக்கு 350 பெசோ, ஒரே நாள்ல தீவையே சுத்தி வந்துடலாம். லாசி பக்கம் கம்புகஹாய் அருவியில பார்க்கிங்குக்குக் காசு, உள்ள போகக் காசு, கயித்துல ஊஞ்சலாடிக் குதிக்கக் காசு. குடுத்தேன், குதிச்சேன், கயித்துக்குன்னா மட்டும் திரும்பவும் குடுப்பேன்.

போஹோல்ல சாக்லேட் ஹில்ஸ். ஆயிரத்துக்கு மேல குன்று, எல்லாம் கவுத்து வச்ச ஒரே அச்சு. வெயில் காலத்துல புல்லு காஞ்சாதான் சாக்லேட் கலரு, நாங்க போனப்போ பச்சப்பசேல்னு இருந்துச்சு. படிக்கட்டு ஏறி ரெண்டு போட்டோ எடுத்துட்டு எறங்கிட்டோம், அலோனா பீச்சும் அவ்ளோ ஒண்ணும் இல்ல, கூட்டம், விலை.

கடைசியா ஒண்ணு. காத்து கொஞ்சம் பலமானாலே கோஸ்ட் கார்டு படகை நிறுத்திடுவாங்க, யார்கிட்ட கெஞ்சினாலும் விட மாட்டாங்க. ஜூன்லேர்ந்து புயல் சீசன் வேற. ஊருக்குத் திரும்புற ஃப்ளைட்டுக்கு முந்தின நாளே செபு வந்து படுத்துடுங்க, ரூம் வாடகை ஒரு நாள் கூடினாலும் பரவால்ல.