இடம் எது, வலம் எது: ஆய்வுக்கூட நாட்குறிப்பு

மார்ச் 4, இரவு 11.30

காலை ஒன்பதரைக்கு இட்ட ஜீப்ரா மீன் முட்டைகளுக்கு இப்போது பதினான்கு மணி நேரம். வாலடியில் குப்ஃபர் குமிழ் தெளிவாகத் தெரிகிறது. அது திரவம் நிறைந்த சிறு பை; உள்சுவரிலுள்ள குறுஇழைகள், அதாவது செல்களின் நுண்மயிர்கள், திரவத்தை ஓடவைக்கின்றன. ஓட்டத்தைப் பார்க்க ஒளிரும் நுண்துகள்களை ஊசியால் செலுத்தியதில் மூன்று கருக்களில் மட்டுமே அவை உள்ளே நின்றன. முதுகுப்புறமிருந்து பார்த்தால் மூன்றிலும் ஓட்டம் இடஞ்சுழி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. இதயம் இன்னும் உருவாகவே இல்லை. அது சாய வேண்டிய பக்கம் இங்கே முடிவாகிக்கொண்டிருக்கிறது. தூங்கப் போக மனமில்லை.

மார்ச் 5, காலை

மூன்றிலும் இதயக்குழல் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

பக்கத்துத் தட்டில் குறுஇழைகள் அசையாத மரபுப்பிறழ்வுக் கருக்கள். உடல் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் எளிதில் பிரித்தெடுக்கலாம். சிலவற்றில் இதயம் இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம், சில நடுவிலேயே நிற்கின்றன.

மார்ச் 6

நேற்று பார்த்தது மனதை விட்டு அகலவில்லை. குறுஇழை நின்றுபோனாலும் பல கருக்களில் இதயம் ஏதோ ஒரு பக்கம் சாயத்தான் செய்கிறது. சாய்வது வேறு, எந்தப் பக்கம் என்பது வேறு. ஓட்டம் சொல்வது இரண்டாவதை மட்டுமே.

மனிதரிலும் அப்படித்தான். உள்ளுறுப்புகள் இடம் வலம் மாறியிருப்பதோடு சைனஸ் அழற்சியும் நுரையீரல் நோயும் சேர்ந்து வருவதை 1933இல் மருத்துவர் கார்டஜெனர் விவரித்தார். அத்தகையோரின் குறுஇழைகள் அசைவதில்லை என்று 1976இல் ஆய்வாளர் அஃப்செலியஸ் காட்டினார். பிறவியிலேயே குறுஇழை இயங்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உறுப்புகள் மாறி அமைகின்றன, மறுபாதிக்கு வழக்கம்போல. நாணயம் சுண்டியதுபோல!

சரி, இடப்பக்கம் எது என்று கருவுக்கு எப்படித் தெரியும்? தலை-வால், முதுகு-வயிறு ஆகிய இரண்டு திசைகளும் முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. மீனின் குப்ஃபர் குமிழுக்கு ஈடாக எலிக்கருவில் உள்ள கணுக்குழியில் குறுஇழைகள் வால்பக்கம் சாய்ந்தபடி சுழல்கின்றன. வலப்பக்கம் வரும்போது செல்பரப்பை ஒட்டி வருவதால் திரவம் அவ்வளவாக நகர்வதில்லை. இடப்பக்கம் போகும்போது பரப்பைவிட்டு உயர்ந்து வீசுகின்றன; திரவம் அந்தத் திசையில் ஓடுகிறது. சுழலும் திசையோ குறுஇழைப் புரதங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. மூலக்கூறின் திருப்பம் உடலின் பக்கமாகிறது. 2002இல் செயற்கையாக வலப்புறம் ஓட்டம் கொடுத்தபோது எலிக்கருவின் பக்கங்களே மாறின.

மார்ச் 9

சுழலும் குறுஇழை இரண்டே இருந்தாலும் எலிக்கருவுக்குப் போதும் என்று 2012இல் கண்டார்கள். அவ்வளவு மெல்லிய ஓட்டத்தையும் ஓரத்திலுள்ள அசையாத குறுஇழைகள் உணர்ந்துவிடுகின்றன. அதன்பின் இடப்பக்கத்தை அடையாளப்படுத்தும் நோடல் மரபணு அந்தப் பக்கம் மட்டும் விழிக்கிறது.

கோழிக்கருவில் இந்த ஓட்டமே கிடையாது. செல்களே இடப்புறமாக நகர்கின்றன. நோடல் அங்கும் இடப்பக்கம்தான். வழி மாறியும் முடிவு மாறவில்லை. இதை யாராவது விளக்கினால் இன்றிரவே கேட்க உட்கார்ந்துவிடுவேன்.

என் மூன்று மீன்களும் இன்று நீந்துகின்றன. இதய அறைகளில் ஆரிக்கிள் இடப்பக்கம், வென்ட்ரிக்கிள் வலப்பக்கம், மூன்றிலும்.