அன்னாவுக்கு எழுதியவை: எட்டு மாத நோட்டு

31வது கடிதம் நேற்று இரவு முடிந்தது. ஜனவரியில் தொடங்கினேன், இப்போது செப்டம்பர். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி தன் மனைவி அன்னாவுக்கு எழுதிய கடிதங்களை ரஷ்ய மொழியிலிருந்து நேராகத் தமிழில் எழுதிப் பார்ப்பதுதான் என் ஓய்வுக்கால வேலை. புத்தகம் போடும் எண்ணம் இல்லை. ஆனால் இது போன்ற வேலையில் இறங்குகிறவர்கள் யாராவது இருந்தால், நான் தடுமாறிய இடங்கள் அவர்களுக்கு உதவும்.

நான் 32 வருஷம் ஸ்டெனோவாக, அதாவது சுருக்கெழுத்தாளராக இருந்தவள். அதனால் அன்னா மேல் எனக்கு ஒரு தனி ஒட்டுதல். அவரும் ஸ்டெனோதான். 1866 அக்டோபர் 4ஆம் தேதி, 20 வயதில், சுருக்கெழுத்து ஆசிரியர் ஓல்ஹின் கொடுத்த விலாசச் சீட்டோடு பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்தல்யார்னி சந்தில் இருந்த தஸ்தயேவ்ஸ்கியின் வீட்டுக்குப் போனார். வழியில் கடைத்தெருவில் கூடுதலாகப் பென்சில்களும் ஒரு சின்னக் கைப்பையும் வாங்கிக்கொண்டார். நான் முதல் நாள் வேலைக்குப் போனபோதும் அதேதான் செய்தேன். நாவலாசிரியரின் நிலைமை அப்போது மோசம். ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஒப்பந்தம். நவம்பர் 1க்குள் புது நாவல் கைக்கு வராவிட்டால், ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் பதிப்பாளர் காசு கொடுக்காமலே அச்சிட்டுக்கொள்ளலாம். 26 நாளில் சொல்லச் சொல்ல எழுதி முடித்த நாவல்தான் ‘சூதாடி’. அடுத்த பிப்ரவரியில் இருவருக்கும் கல்யாணம்.

முதல் நாள் சோதனைக்காக தஸ்தயேவ்ஸ்கி ஒரு பத்திரிகையிலிருந்து வாசித்தாராம். வேகம் தாங்காமல், சாதாரணப் பேச்சு வேகத்தில் சொல்லும்படி அன்னா கேட்டுக்கொண்டார். பிரதி எடுத்துக் கொடுத்ததும், ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போச்சு, ஓர் எழுத்து தெளிவாக இல்லை என்று அவருக்குக் கோபம். பின்னாளில் அன்னா எழுதிய நினைவுக்குறிப்பில் இது இருக்கிறது. இதைப் படித்த நாளில்தான் கடிதங்களைத் தமிழில் எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஜனவரி: மொழிபெயர்ப்புக்கு முன்னால் ஒரு பரீட்சை செய்தேன். அன்னாவின் வேலைநாள் பகல் 12 முதல் 4 வரை, அதற்குள் அரை மணிக்குக் குறையாமல் மூன்று டிக்டேஷன். எங்கள் வீட்டுக்காரரை உட்காரவைத்து ‘சூதாடி’ தமிழ்ப் பிரதியை வாசிக்கச் சொன்னேன். “கொஞ்சம் மெதுவா வாசிங்க” என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே நானும் கேட்க வேண்டியதாயிற்று. கை ஓய்ந்து ஆறு வருஷம். மூன்று அரை மணியில் எடுத்ததை விரித்து எழுத எனக்கு நாலரை மணி நேரம் பிடித்தது. நான் எழுதும் பிட்மன் சுருக்கெழுத்து முறையில் உயிர்க்குறி போடாமல் விட்டால் பணமும் பிணமும் ஒரே எலும்புக்கூடு, கோட்டின் மேலா கீழா என்ற இடம்தான் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் இரண்டு தடவை சறுக்கினேன். அன்னா எழுதியது காபெல்ஸ்பெர்கர் என்ற வேறொரு சுருக்கெழுத்து முறை. பிட்மன் மாதிரி தனித்தனி வடிவக் கோடுகளாக இல்லாமல், கையெழுத்து போல ஓடும். அந்தப் பெண் மாலையில் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மையால் விரித்து எழுதி, மறுநாள் பகல் 12 மணிக்கு மறுபடி வந்து நிற்க வேண்டும். 26 நாள். நான் இரண்டே நாளில் நிறுத்திக்கொண்டேன். அந்த உழைப்பு எவ்வளவு என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது, அது போதும்.

பிப்ரவரி, மார்ச்: ஹோம்பர்க் என்ற ஜெர்மன் சூதாட்ட ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள். 1867 மே மாதம். கல்யாணமாகி மூன்று மாதம், ஊரில் கடன்காரர்கள். இருவரும் ஜெர்மனியில் ட்ரெஸ்டனில் தங்கியிருக்கிறார்கள். அன்னாவை அங்கேயே விட்டுவிட்டு, ரூலெட் சூதாட்டம் ஆடி ஜெயித்து வருகிறேன் என்று இவர் கிளம்புகிறார். அநேகமாக நாளுக்கு ஒரு கடிதம். தோற்றேன், கடிகாரத்தை அடகு வைத்தேன், பணம் அனுப்பு, என்னை மன்னித்துவிடு, உன் முகம் கண்ணிலேயே நிற்கிறது. எல்லாம் ஒரே பத்தியில், ஒரே மூச்சில். முதலில் நான் இவற்றைப் பிரித்துப் பிரித்து அழகான வாக்கியங்களாக எழுதினேன். வாசித்துப் பார்த்தால் அந்த மனுஷன் அதில் இல்லை. மறுபடி உட்கார்ந்து, அவர் நிறுத்தாத இடத்தில் நானும் நிறுத்தாமல் எழுதினேன். பழைய ஸ்டெனோ புத்தி இங்கே கைகொடுத்தது. சொல்கிறவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் புள்ளி.

இந்த மாதங்களில் அதிக நேரம் தின்றது ஒரே ஓர் எழுத்துப் பிரச்சினை. ரஷ்ய மொழியிலும் நம்மைப் போல ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டும் உண்டு. அவர் அன்னாவை ‘நீ’ என்கிறார், அதில் சிக்கல் இல்லை. பிள்ளைகள் பிறந்த பிறகு அன்னா எழுதிய பதில்களையும் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன், அவரும் ‘நீ’ என்றே எழுதுகிறார். கணவருக்கு அவரைவிட 25 வயது அதிகம். “வீட்டுக்காரரை நீன்னா சொல்லுவாங்க?” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். நாற்பது வருஷமாக நான் இவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறேன், என் பேனாவுக்கும் அதுவே பழக்கம். மூன்று பதில்களை ‘நீங்கள்’ போட்டு எழுதினேன். ஆபீசுக்கு லீவு லெட்டர் எழுதியதுபோல் ஆகிவிட்டது. பிள்ளைக்கு இருமல், வீட்டில் காசு இல்லை, சீக்கிரம் வா என்று ஒரு பெண் எழுதும்போது நடுவில் மரியாதை வந்து குறுக்கே நிற்கிறது. மூன்றையும் அடித்து ‘நீ’ ஆக்கினேன். ஆனால் நினைவுக்குறிப்பில் அன்னா அவரை எப்போதும் பெயரும் தகப்பன் பெயருமாக ஃபியோதர் மிகாய்லவிச் என்றுதான் குறிப்பிடுகிறார். ஊருக்கு முன்னால் ‘அவர்’, கடிதத்தில் ‘நீ’. இது நமக்கும் தெரியாத விஷயம் இல்லையே.

கடிதத்தை முடிக்கும்போது அவர் அடிக்கடி மனைவியின் கால்களுக்கு முத்தம் வைக்கிறார். ‘பாதங்களை முத்தமிடுகிறேன்’ என்றால் கோவில் வாசனை வருகிறது. ‘கால்’ என்று மட்டும் எழுதினால் வறண்டுபோகிறது. ரஷ்யச் சொல் குழந்தையின் காலைக் கொஞ்சும்போது வருகிற சொல். ‘உன் சின்னக் கால்களுக்கு முத்தம்’ என்று வைத்திருக்கிறேன். மனசு இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

மே: ஒரு பெரிய குளறுபடி. 1870களில் நெஞ்சு நோய்க்காக ஜெர்மனியில் எம்ஸ் ஊற்றுத் தண்ணீர் குடிக்கப் போனபோது எழுதிய கடிதங்களையும், ரஷ்யாவில் ஸ்தாராயா ருஸ்ஸா என்ற ஊரிலிருந்து அன்னா போட்ட பதில்களையும் தேதிவாரியாக அடுக்கினேன். கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதில் வந்திருந்தது! ஒரு வாரம் குழம்பினேன். விஷயம் இதுதான். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி ஐரோப்பிய நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியது. எம்ஸிலிருந்து அவர் இரண்டு தேதியும் போடுகிறார், நான் ஐரோப்பியத் தேதியை எடுத்துக்கொண்டேன். அன்னா ஊரில் இருப்பதால் பழைய தேதி மட்டும் போடுகிறார். இப்போது ஒவ்வொரு தாளின் மூலையிலும் சிவப்பு மையில் பழைய தேதி, நீல மையில் புதுத் தேதி. தொடங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

எம்ஸ் கடிதங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. காலை ஆறு மணிக்கு எழுந்து, கூட்டத்தில் முண்டி, டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். ஊர் சலிக்கிறது. நாவல் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்பதைத்தான் நான் பார்த்தேன். வீட்டில் இருந்தால், இராத்திரி தனியாக உட்கார்ந்து குறிப்பு எடுப்பார், மறுநாள் பகலில் அதை வைத்து அன்னாவுக்குச் சொல்லுவார், அன்னா சுருக்கெழுத்தில் எடுத்து நல்ல பிரதி எழுதுவார், அதை இவர் திருத்துவார். எம்ஸில் அந்த எதிர் நாற்காலி காலி. ஏக்கம், வேலைக் கணக்கு, பிள்ளைகளின் உடம்பு, இவையெல்லாம் ஒரே தாளில் கிடப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். காதலி வேறு, உதவியாளர் வேறு என்று அவருக்கு இரண்டு ஆள் இல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். வெளிநாட்டில் இருந்தபோது, பெண்களுக்கு எதிலும் விடாப்பிடி கிடையாது என்று இவர் சொல்லப்போய், அன்னா ரோஷத்தோடு ஓர் ஆல்பம் வாங்கி, அன்று கையில் இருந்த கடித உறைகளிலிருந்து தபால்தலைகளைப் பிரித்து ஒட்டினார். கடைசிவரை சேர்த்தார், ஒரு தலையைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை என்று எழுதியிருக்கிறார். நான் மொழிபெயர்க்கும் இந்தத் தாள்களைச் சுமந்து வந்த உறைகளும் அந்த ஆல்பத்துக்கு ஏதாவது கொடுத்திருக்கும். அந்த ஆல்பம் பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

ஜூலை: அடித்த வரிகள். கணவர் போன பிறகு அன்னா இந்தக் கடிதங்களைக் காத்தார், அச்சுக்குத் தயார் செய்தார். கூடவே, அந்தரங்கமான வரிகளை மையால் அழுத்தி அடித்துவிட்டார். பதிப்பில் அந்த இடங்களில் இத்தனை வரி அடிக்கப்பட்டுள்ளது என்று குறிப்பு மட்டும் நிற்கும். முதலில் நான் குறிப்பைத் தாண்டி அடுத்த வாக்கியத்தை எழுதிவிட்டேன். பிறகு அது தப்பாகப் பட்டது. இப்போது ஐந்து வரி அடிக்கப்பட்டிருந்தால் நோட்டில் ஐந்து கோடு வெறுமையாக விடுகிறேன். அது அவர் கை செய்த வேலை, அதற்கும் இடம் வேண்டும். அவருடைய 1867 சுருக்கெழுத்து நாட்குறிப்பையும் அவரே விரித்து எழுதியபோது மாற்றியிருக்கிறார், விட்டிருக்கிறார். சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட சுருக்கங்களும் கலந்த அந்த எழுத்தை லெனின்கிராட்டைச் சேர்ந்த பொஷெமான்ஸ்கயா என்ற ஸ்டெனோகிராஃபர் பல வருஷம் உழைத்துப் படித்தார். அந்த அம்மாவின் பெயரை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் முழுக்க ஒரே கடிதம். 1871 ஏப்ரல் 28, ஜெர்மனியில் வீஸ்பாடன். ட்ரெஸ்டனில் நாவல் ஓடாமல் மனம் உடைந்து கிடந்தவரிடம் ரூலெட் பேச்சை எடுத்ததே அன்னாதான். ஒரு தடவை போய் வந்தால் மனசு திறந்து எழுதுவார் என்று, வயிற்றில் பிள்ளையோடு, கையில் இருந்த சொற்பத்தில் கொடுத்து அனுப்பினார். அவர் எல்லாவற்றையும் தோற்றார். திரும்பி வரவென்று அன்னா அனுப்பிய 30 தாலரும் (தாலர் அன்றைய ஜெர்மன் நாணயம்) போயிற்று. இரவில் ரஷ்யப் பாதிரியாரைத் தேடி, தெரியாத தெருக்களில் ஓடுகிறார். தூரத்தில் தெரிந்த கட்டடம் ரஷ்யத் தேவாலயம் என்று நினைத்துப் போகிறார். பக்கத்துக் கடையில் கேட்டால் அது யூதர்களின் ஆலயம். அவர் எழுதியிருப்பது யூதர்களை இழிவாகச் சொல்லும் சொல், நான் அதைப் பூசி மெழுகவில்லை. பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றியதுபோல் ஆயிற்று என்கிறார். பாதிரியாரைப் பார்க்காமலே அறைக்கு ஓடிவந்து அன்னாவுக்கு எழுத உட்கார்கிறார். இன்னும் 30 தாலர் அனுப்பு. பத்து வருஷமாக என்னை வதைத்த அந்த நினைப்பு ஒழிந்துவிட்டது, இதுதான் கடைசி.

‘கடைசி’ என்று அவர் முன்பும் எழுதியவர். ஹோம்பர்க் கடிதங்களில் அதே சொல்லை நான் பலமுறை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே கடைசி. அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவருக்கோ, வாங்கிப் படித்தவருக்கோ அன்று அது உறுதியாகத் தெரிய வழியில்லை. அதனால் அந்தச் சொல்லுக்குத் தமிழில் கூடுதல் அழுத்தம் கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். ஹோம்பர்க்கில் எழுதிய அதே ‘கடைசி’, அதே இடத்தில். ஏழு தடவை பிரதி எடுத்தேன். எங்கள் வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். தேவாலயம் வரும் இடத்தில் இவர் குரல் தானாகவே தாழ்ந்தது.

இப்போது மேஜையில் இருப்பது 1880 ஜூன் 8, மாஸ்கோ. கவிஞர் புஷ்கின் நினைவாக நடந்த விழாவில் பேசிய அன்று மாலையே எழுதியது. கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டு அழுததை, இருபது வருஷப் பகையை மறந்ததாக இரண்டு கிழவர்கள் வந்து சொன்னதை, ஊரில் இருக்கும் அன்னாவுக்கு மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டே போகிறார். இரண்டாவது பத்தி வரை வந்திருக்கிறேன். நாளை பகல் 12 மணிக்கு உட்கார வேண்டும், பென்சில் நாலும் சீவியாகிவிட்டது.