செல்லில் தெரிவது வேறு, ஃபைலில் இருப்பது வேறு

எக்செல் ஷீட்டை வலைப்பக்கத்தில் அட்டவணையாகக் காட்ட, பிஎச்பி என்ற வலைநிரல் மொழியில் பத்து வரி போதும். ஷீட்டை சிஎஸ்வியாக (செல்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் உரை ஃபைல்) சேமித்து, எஃப்ஓப்பனால் திறந்து, வைல் லூப்புக்குள் ஒரு வரிசையைப் படித்துத் தரும் எஃப்கெட்சிஎஸ்வியை அழைத்தால் ஒவ்வொரு வரிசையும் ஓர் அர்ரேயாக (மதிப்புகளின் பட்டியலாக) வந்துவிடும். தொல்லையெல்லாம் தரவில்தான். கண்ணுக்குத் தெரிவதுதான் ஃபைலிலும் இருக்கிறது என்று நம்பினால் சிக்கல்தான்.

முதலில் தமிழ். விண்டோஸ் எக்செலில் வெறும் சிஎஸ்வி என்று தேர்ந்தெடுத்தால் ஆன்சி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகப் பதிந்துவிடும், அந்த ஃபைலிலிருந்து மீட்கவே முடியாது. 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று 3 பைட்டுகளைச் சேர்க்கும். ஃபைலின் குறியீட்டு முறையைக் காட்டும் இந்த அடையாளம்தான் பிஓஎம். திரையில் தெரியாது. ஆனால் தலைப்பு வரிசையைக் கீயாக (மதிப்பை எடுக்க உதவும் பெயராக) வைத்தால் முதல் நெடுவரிசை மட்டும் 'அப்படி ஒரு கீ இல்லை' என்று அடம்பிடிக்கும். முதல் 3 பைட்டையும் சோதித்து வெட்டிவிடுங்கள்.

வரியை நீங்களே எக்ஸ்ப்ளோடால் காற்புள்ளி பார்த்து உடைக்காதீர்கள். 12,500 என்ற தொகை இரண்டாகப் பிளக்கும். ஆல்ட்-என்டர் தட்டி இரண்டு வரியாக எழுதிய முகவரி இரண்டு வரிசையாகும். எஃப்கெட்சிஎஸ்வியிலும் ஒரு பொறி உண்டு: மேற்கோளுக்குள் இருக்கும் செல் பின்சாய்கோட்டில் (\) முடிந்தால், மூடும் மேற்கோளைக் கவனிக்காமல் அடுத்த செல்களையும் சேர்த்து விழுங்கிவிடும். அதை அழைக்கும்போது எஸ்கேப் அளபுருவுக்கு (பின்சாய்கோட்டைச் சிறப்புக் குறியாக எடுக்க வைப்பது இதுதான்) வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் சரியாகும். பிஎச்பி 8.4-இல் அதைக் கொடுக்காமல் விட்டால் எச்சரிக்கையே வரும்.

எக்செலின் சொந்த ஃபைல் வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸை நேரடியாகப் படிக்க பிஎச்பிஸ்ப்ரெட்ஷீட் நூலகம் நல்லது. அங்கே தேதிதான் தலைவலி. 2025 ஜனவரி 1 என்பது ஃபைலுக்குள் 45658 என்ற எண் மட்டுமே. தேதியாகக் காட்டுவது செல்லின் ஃபார்மட். நினைவகத்தை மிச்சப்படுத்த, தரவை மட்டும் படிக்கும் ரீட்டேட்டாஒன்லியை இயக்கினால் ஃபார்மட் போய்விடும், பக்கத்தில் 45658 என்றே வரும். அந்த எண்ணிலிருந்து 25569-ஐக் கழித்து 86400-ஆல் பெருக்கினால் யூனிக்ஸ் நேரம் (1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணும் விநாடிகள்) கிடைக்கும். 1904-இலிருந்து நாளை எண்ணும் மேக்கின் பழைய கணக்கில் உள்ள ஃபைலென்றால் முதலில் 1462-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நினைவகத்தை ஏன் பார்க்க வேண்டும்? 64-பிட் பிஎச்பியில் அந்த நூலகம் ஒரு செல்லுக்குச் சராசரியாக 1.6 கேபி எடுக்கும். 5,000 வரிசை, 20 நெடுவரிசை என்றால் 160 எம்பி. பிஎச்பியின் இயல்பு வரம்பு 128 எம்பிதான். ஒவ்வொரு வருகைக்கும் ஷீட்டைத் திறப்பது எனக்கு உடன்பாடே இல்லை. ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் ஃபைல்எம்டைமால் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் படித்து ஜேசனாக (தரவைச் சேமிக்கும் எளிய உரை வடிவம்) வையுங்கள். அதையும் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகு ரீநேம் செய்யுங்கள். பாதி எழுதிய ஃபைல் யார் கண்ணிலும் படாது.

அச்சிடும்போது ஒவ்வொரு செல்லையும், <, > போன்ற குறிகளை வெறும் எழுத்தாக மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக அனுப்புங்கள். செல்லுக்குள் ஸ்கிரிப்ட் டேக் இருந்தாலும் வெறும் எழுத்தாகவே தெரியும்.

எக்செலில் 'ஹைட்' செய்த நெடுவரிசையும் சிஎஸ்வியில் வந்துவிடும். மறைத்து வைத்த தொலைபேசி எண்கள் அப்படியே வெளியே போகும். அதனால் வந்ததையெல்லாம் காட்டாமல், காட்ட வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் நிரலில் பெயர் சொல்லி எடுங்கள். மூல ஃபைலை வலைத்தளத்தின் பொது ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள்.