பதினாறு நாள் பிந்தி வந்த றேடியோ

2017 ஓகஸ்ட் 17, பின்னேரம் 6.11. மட்டக்களப்பில் சூரியன் விழப்போகிற நேரம். கல்லடிப் பாலத்தில் நின்றவர்களுக்குத் தென்மேற்கே, நன்றாக உயரத்தில் இருந்த ஒரு திசையிலிருந்து, விண்வெளியையே நெளிக்கும் ஈர்ப்பு அலையொன்று வந்து பூமியைக் கடந்து போனது. ஒருத்தருக்கும் தெரியாது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் (செத்துப்போன விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்கள்) மோதிய அலை அது. ஈர்ப்பு அலையைப் பிடிக்கும், அமெரிக்காவின் இரண்டு லைகோ நிலையங்களும் அதை 100 செக்கன் அளவுக்குக் கேட்டன. அதே மாதிரி நிலையமான இத்தாலியின் விர்கோவில் மிக மெல்லிசாகத்தான் விழுந்தது. அதன் காது மந்தமான திசை அது என்றபடியால், இடத்தைச் சுருக்க அதுவே உதவியது.

மோதல் முடிந்து 1.7 செக்கனில் ஃபெர்மி செய்மதிக்குக் காமாக் கதிர். 11 மணித்தியாலம் அளவில் சிலியிலுள்ள தொலைகாட்டிக்கு ஒளி. என்ஜிசி 4993 என்ற விண்மீன் மண்டலம் என்று முகவரியும் கிடைத்துவிட்டது. அங்கே தங்கம் உருவானது என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. தங்கம் என்றால் எங்கட சனத்துக்குச் சொல்லவும் வேணுமா!

றேடியோ அலை வந்தது 16 நாள் கழித்து. உயர்தர வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டாள்: “எல்லாம் வந்திட்டே சேர், இனி றேடியோ எதுக்கு?” கரண்ட் இல்லாத காலத்தில் படுவான்கரையில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அந்தப் பக்கம் ஒரு சாய்வு உண்டுதான். ஆனால் இந்தக் கதையின் முடிச்சை அவிழ்த்தது உண்மையிலேயே றேடியோதான்.

மோதலில் ஒளிவேகத்தை நெருங்கிய தாரை ஒன்று பீறிட்டது. அவ்வளவு வேகத்தில் போகும் பொருளின் கதிர்வீச்சு முன்பக்கமாகவே குவியும். இரவில் வாவியில் றால் பிடிப்பவரின் ரோச் வேறு பக்கம் திரும்பியிருந்தால் எங்கள் கண்ணில் படாதே, அப்படித்தான். தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதி வேகம் குறையக் குறைய, கதிர்க் கூம்பு விரிந்து எங்கள் பக்கம் வரும். அதனால்தான் தாமதம், ஏறத்தாழ 150 நாள் வரை றேடியோ கூடிக்கொண்டே போனதும் அதனால்தான். இடையில் அந்தத் திசை சூரியனுக்குக் கிட்டப் போக, ஒளித் தொலைகாட்டிகள் கண்ணை மூடின. றேடியோவுக்குப் பகலும் ஒன்று, இரவும் ஒன்று. புனேக்கு வடக்கே 45 மீற்றர் கிண்ணங்கள் 30 கொண்ட ஜிஎம்ஆர்டி என்ற றேடியோ தொலைகாட்டியும் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதைப் பிடித்தது.

சரி, உண்மையிலேயே தாரைதானா? எல்லாப் பக்கமும் ஊதிய வெறும் உறையாகவும் இருக்கலாமே என்று பெரிய வாதம் நடந்தது. கண்டம் முழுக்கப் பரவிய றேடியோ தொலைகாட்டிகளை இணைத்து 75ஆம் நாளிலும் 230ஆம் நாளிலும் பார்த்தார்கள். அந்தப் புள்ளி நகர்ந்திருந்தது. ஒரு பாகையின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. தொலைவோடு பெருக்கி, இடைப்பட்ட நாளால் வகுத்தால் ஒளியைப்போல் நான்கு மடங்கு வேகம்! வகுப்பே சிரித்தது. கிட்டத்தட்ட எங்களை நோக்கி வரும் பொருள் தன் ஒளியையே துரத்திக்கொண்டு வருவதால், இடைப்பட்ட காலம் சுருங்கித் தெரிகிறது, அவ்வளவுதான். வெறும் உறை அப்படி நகராது. ஆகத் தாரைதான், எங்கள் பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ 20 பாகை சரிவில்.

அந்தச் சரிவுதான் எனக்குப் பெரிய விஷயம். ஈர்ப்பு அலையின் பலத்திலிருந்து தூரத்தைக் கணிக்கலாம், ஆனால் தூரத்தில் நேராக நிற்கும் சோடியும் கிட்டத்தில் சரிந்து நிற்கும் சோடியும் ஒரே மாதிரித் தெரியும். சோடி சுற்றும் அச்சு வழியேதான் தாரை பாயும் என்பதால், றேடியோ தாரையின் சரிவைச் சொன்னதும் தூரம் இறுகியது. அந்தத் தூரத்தை வைத்துக் கணித்த அகிலம் விரியும் வீதம், மெகாபார்செக்குக்கு (ஏறத்தாழ 33 இலட்சம் ஒளியாண்டு) செக்கனுக்கு 70 கிலோமீற்றர் என்று முதலில் வந்தபோது பிழை மேலே 12, கீழே 8. றேடியோவைச் சேர்த்ததும் இரு பக்கமும் 5 அளவுக்கு இறங்கிவிட்டது.

2019 ஏப்ரல் 25 இல் இன்னொரு நியூத்திரன் சோடி மோதியது. லைகோவின் இரண்டில் ஒன்றான ஹான்ஃபோர்ட் நிலையம் அந்த நேரம் ஓடவில்லை. தேட வேண்டிய பரப்பு வானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஒளியும் அகப்படவில்லை, எந்தப் பக்கம் கிண்ணத்தைத் திருப்புவது என்று தெரியாமல் றேடியோக்காரர் என்னதான் செய்வார்கள்?